ஹலால் முத்திரை இருந்தும் பன்றிக் கூறு: இந்தோனேசியச் சட்டம் வாங்கித் தின்றவர் பக்கம் நிற்கிறதா?

ஜகார்த்தா உம்மா:

அஸ்ஸலாமு அலைக்கும். மனசு ஆறாமல்தான் எழுதுகிறேன்.

2025 ஏப்ரல் 21 அன்று இங்கே ஹலால் உறுதி முகமையும் (பி.பி.ஜே.பி.எச்.) உணவு மருந்துக் கண்காணிப்பு முகமையும் (பி.பி.ஓ.எம்.) சேர்ந்து ஒரு பட்டியல் வெளியிட்டன. சோதனையில் பன்றிக் கூறு உறுதியான 9 பொருட்கள். பெரும்பாலும் பிள்ளைகள் தின்னும் மார்ஷ்மெல்லோ. ஒன்பதில் ஏழு, ஹலால் சான்றிதழ் பெற்றவை.

அந்த ஏழில் ஒன்றை என் மகள் தின்றிருக்கிறாள். ஆறு வயது. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து, ஊதா நிற ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, அதன் கீழே உள்ள எண்ணையும் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். பேணுதலாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இருந்தோம்.

பட்டியல் வந்த அன்று ராத்திரி அவள் விளையாட்டுப் பெட்டியைக் கிளறினேன். மேலே இருந்த படத்துக்காகக் காலி உறையை மடித்து வைத்திருந்தாள். பேட்ச் எண் உறையின் ஓரத்து மடிப்பில் அச்சாகியிருந்தது, பாதி கிழிபட்டு. கடைசி மூன்று எழுத்துதான் தெரிந்தது. பட்டியலில் இருந்த எண்ணோடு அந்த மூன்றும் பொருந்தின.

கடையில் கேட்டேன். பிரிக்காத பொட்டலம் என்றால் காசு தருவோம், பிரித்ததற்குத் தர முடியாது என்றார்கள். எனக்குக் காசு வேண்டாம். "உம்மா, நீங்க பார்த்துத்தானே வாங்குனீங்க" என்று பிள்ளை கேட்கிறாள். அதற்கு என்ன சொல்வது?

பொருளைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். நல்லது. ஆனால் வாங்கித் தின்ற எங்களுக்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் யார்? கம்பெனியா, சான்றிதழ் கொடுத்த அரசா, சோதித்த நிறுவனமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பள்ளி ஹஜ்ரத்:

வ அலைக்குமுஸ்ஸலாம் மகளே. முதலில் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். அறியாமல் உண்டதற்கு உங்கள் மேலும் பாவம் இல்லை, பிள்ளை மேலும் இல்லை. உங்களால் இயன்றவரை பார்த்தீர்கள், மார்க்கம் அதற்கு மேல் கேட்கவில்லை. பிள்ளையிடம், "உம்மா பார்த்துத்தான் வாங்கினேன், எழுதியவர்கள் தவறாக எழுதிவிட்டார்கள்" என்றே சொல்லுங்கள். அதுதான் உண்மையும்.

சட்டத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

வழக்குமன்றம்:

சகோதரி, உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில் இல்லை. ஏனென்றால் இந்தோனேசியாவில் இந்த விஷயம் இரண்டு சட்டங்களில் கிடக்கிறது. இரண்டும் ஒன்றோடு ஒன்று சரியாகப் பேசிக்கொள்வதில்லை. என் பார்வையில் கோளாறே அங்கேதான்.

முதலாவது, 1999ஆம் ஆண்டின் 8ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். லேபிளில் ஹலால் என்று போட்டுவிட்டு அந்த முறைப்படி தயாரிக்காத பொருளை உற்பத்தி செய்வதையும் விற்பதையும் 8ஆம் பிரிவு நேரடியாகத் தடை செய்கிறது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை அல்லது 200 கோடி ரூபியா வரை அபராதம்.

இரண்டாவது, 2014ஆம் ஆண்டின் 33ஆம் எண் ஹலால் பொருள் உறுதிச் சட்டம். நாட்டுக்குள் வரும், புழங்கும், விற்கப்படும் பொருட்களுக்கு ஹலால் சான்றிதழ் கட்டாயம் என்கிறது 4ஆம் பிரிவு. அதுவரை விரும்பினால் வாங்கலாம் என்று இருந்தது கட்டாயமாக மாறியது இந்தச் சட்டத்தால்தான். சான்றிதழ் பெற்ற பின் ஹலால் தன்மையைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 56ஆம் பிரிவில் அதே 5 ஆண்டு, அதே 200 கோடி.

ஆக, தண்டனை இரண்டிலும் இருக்கிறது. ஆனால் அந்த அபராதம் அரசு கஜானாவுக்குப் போகும். உங்கள் வீட்டுக்கு எதுவும் வராது. 2014 சட்டத்தில் ஏமாந்த நுகர்வோருக்கு ஈடு கொடுப்பது பற்றித் தனி விதியே கிடையாது. பொதுமக்கள் கண்காணிக்கலாம், புகார் செய்யலாம் என்று 53ஆம் பிரிவு சொல்கிறது, அவ்வளவுதான். முஸ்லிம் நுகர்வோருக்காகவே எழுதப்பட்ட சட்டத்தில் அவருக்குக் கிடைத்திருப்பது புகார் எழுதும் உரிமை மட்டும்.

ஈடு கேட்க வேண்டுமானால் 1999 சட்டத்துக்குத் திரும்ப வேண்டும். அதன் 19ஆம் பிரிவுப்படி நஷ்டத்துக்கு நிறுவனமே பொறுப்பு. பணத்தைத் திருப்பலாம், சமமான பொருள் தரலாம், மருத்துவம் பார்க்கலாம், உதவித்தொகை தரலாம். இதில் எதற்குள் உங்கள் வேதனை அடங்கும்? பிள்ளைக்கு வயிற்றுவலி வந்திருந்தால் சட்டத்துக்குப் புரிந்திருக்கும். இது புரியாது. அதே பிரிவு, ஈடு கொடுப்பதை வாங்கிய தேதியிலிருந்து 7 நாளுக்குள் முடிக்கச் சொல்கிறது. பன்றிக் கூறு இருப்பது மாதக்கணக்கில் கழித்து அரசு சொல்லித்தான் தெரிகிறது என்றால் அந்த 7 நாளை எங்கே போய்த் தேடுவது? கெட்டுப்போன பாலையும் உடைந்த மின்விசிறியையும் மனதில் வைத்து எழுதிய விதி அது.

உணவுக்கூடம்:

நான் உணவு ஆய்வகத்தில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். முஸ்லிம் அல்ல. ஆனால் இதில் சொல்ல எனக்கும் இருக்கிறது.

மார்ஷ்மெல்லோவை மெத்தென்று நிறுத்துவது ஜெலட்டின். ஜெலட்டின் என்பது தோல், எலும்பிலிருந்து எடுக்கும் புரதம். உலகச் சந்தையில் அதற்கான மூலப்பொருளில் மிகப் பெரிய பங்கு பன்றித் தோலுக்கு. காரணம் மத விரோதமோ சதியோ இல்லை, வேலை சுலபம். பன்றித் தோலை அமிலத்தில் ஊறவைத்தால் சில நாளில் ஜெலட்டின் தயார். மாட்டு எலும்பையும் தோலையும் சுண்ணாம்பு நீரில் வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். சாக்கிலிருந்து கொட்டினால் இரண்டும் ஒரே மாதிரி வெளிறிய மஞ்சள் தூள். கண்ணால் பிரிக்க முடியாது, நாக்காலும் முடியாது. தணிக்கையாளர் வரும் நாளில் ஒரு சாக்கும் அடுத்த மாதம் வேறு சாக்கும் கொட்டினால் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கே தெரியாது.

சோதனை செய்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். பி.சி.ஆர். சோதனை மரபணுவைத் தேடுகிறது. ஜெலட்டின் தயாரிப்பில் அமிலமும் சூடும் பட்டு மரபணு துண்டு துண்டாகச் சிதைந்துவிடும், சில நேரம் ஒன்றுமே கிடைக்காது. அதனால்தான் இப்போது புரதத் துணுக்குகளைப் பிரித்துப் பார்க்கும் பெப்டைடு சோதனையும் செய்கிறார்கள். ஏப்ரல் அறிவிப்பிலும் மரபணு, பெப்டைடு இரண்டையும் சொல்லியிருந்தார்கள். அது முறையான வேலை.

ஆனால் சோதனையால் பிடிக்கவே முடியாத ஒன்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் கடைசியில் இந்தோனேசியாவையே உலுக்கிய அஜினோமோட்டோ விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவை உப்பில் பன்றி இல்லை. அதைத் தயாரிக்கும் பாக்டீரியாவுக்கு ஒரு தீனி உண்டு. அந்தத் தீனியில் சோயாப் புரதத்தை உடைக்க ஒரு நொதி வேண்டும். அந்த நொதி பன்றியின் கணையத்திலிருந்து வந்தது. கடைசிப் பொருளை எந்த இயந்திரத்தில் போட்டாலும் ஒன்றும் காட்டாது. உலமா பேரவை (எம்.யு.ஐ.) ஹராம் என்றது. அன்றைய அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் ஹலால் என்றார். நிறுவன அதிகாரிகள் காவலில் வைக்கப்பட்டார்கள், ஆயிரக்கணக்கான டன் சரக்கு திரும்பப் பெறப்பட்டது.

இதிலிருந்து நான் கற்றது இதுதான்: சாமானைச் சோதிப்பதை விட, அது வந்த வழியைச் சோதிப்பது முக்கியம். எந்தச் சாக்கு, எந்த ஆலை, எந்தத் தேதி, யார் கையெழுத்து. இந்த நான்கும் இல்லாத சான்றிதழ் வெறும் தாள்.

கேள்விக்குறி:

யாரையும் புண்படுத்தக் கேட்கவில்லை. ஒரு மதத்தின் உணவு விதியை அரசு ஏன் சட்டமாக்க வேண்டும்? இந்தோனேசிய மக்களில் சுமார் 87 சதவீதம் முஸ்லிம்கள், சரி. மீதி உள்ளவர்கள்? ஒரு கிறிஸ்தவர் சிறு கடை வைத்திருந்தால் அவரும் சான்றிதழ் வாங்க வேண்டுமா? நம்பிக்கை உள்ளவர்கள் தங்கள் ஆட்களிடம் வாங்கிக்கொள்ளட்டுமே.

வழக்குமன்றம்:

நியாயமான கேள்வி.

முதலில் ஒரு திருத்தம். ஹராம் பொருளை விற்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஹராம் மூலப்பொருளில் செய்தவருக்கு 26ஆம் பிரிவு சான்றிதழிலிருந்து விலக்கு தருகிறது. பதிலாக, "ஹலால் அல்ல" என்று பொருளில் எழுதியாக வேண்டும். பன்றி விற்பவர் விற்கலாம், சொல்லிவிட்டு விற்க வேண்டும்.

அடுத்தது, உங்கள் கேள்வியின் சாரம். மதத்தை அரசு வரையறுக்கலாமா? அமெரிக்காவில் யூதர்களின் கோஷர் உணவுக்கு இதே சிக்கல் வந்தது. எது கோஷர் என்பதை ஒரு பிரிவு யூதர்களின் விளக்கப்படி அரசே வரையறுத்திருந்தது. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1992இல் அந்த மாநில விதிகளைச் செல்லாது என்றது. நியூ யார்க் சட்டத்துக்கும் 2002இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அதே கதி. அதன் பிறகு சட்டத்தை வேறு விதமாக எழுதினார்கள்: எது கோஷர் என்று அரசு சொல்லாது, ஆனால் கோஷர் என்று விற்பவர் எந்த அடிப்படையில் அப்படிச் சொல்கிறார், யார் சான்றளித்தார் என்று வாடிக்கையாளருக்கு வெளிப்படுத்த வேண்டும். ஹலாலுக்கும் நியூ ஜெர்சி 2000இல் இதே வழியில் சட்டம் கொண்டுவந்தது.

என் கட்சியும் அதுதான். ஹலால் எது என்பதை ஆலிம்கள் பேசட்டும். "ஹலால்" என்று எழுதியவர் தன் எழுத்துக்குப் பதில் சொல்ல வைப்பது மட்டும் சட்டத்தின் வேலை. அதை ஒழுங்காகச் செய்யச் சொல்லுங்கள்.

உணவுக்கூடம்:

இந்தியாவிலிருந்தும் ஒரு தீர்ப்பு இருக்கிறது, அது இந்தப் பேச்சுக்கு நேராகப் பொருந்தும். 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், உணவில் சேரும் ஒவ்வொரு பொருளும் தாவரத்திலிருந்தா விலங்கிலிருந்தா என்று அளவு எவ்வளவு சிறிதானாலும் முழுமையாகச் சொல்ல வேண்டும் என்றது. அங்கே எடுத்துக்காட்டாக வந்தது ஈ631 என்ற சுவையூட்டி. லேபிளில் அந்த எண்ணை மட்டும் போட்டால் அது இறைச்சியிலிருந்தா மீனிலிருந்தா வேறு எதிலிருந்தா என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? வழக்குப் போட்டவர்கள் முஸ்லிம்கள் இல்லை, பசுப் பாதுகாப்பில் அக்கறை கொண்ட அமைப்பு. சைவம் சாப்பிடுபவருக்கும் ஹலால் பார்ப்பவருக்கும் வேண்டியது ஒன்றுதான் என்பதற்கு இதை விட என்ன சொல்ல?

ஈ471ஐயும் சொல்லிவிடுகிறேன். ரொட்டி, ஐஸ்கிரீம், சாக்லேட் எல்லாவற்றிலும் வரும். கொழுப்பிலிருந்து செய்வது. பனை எண்ணெயாகவும் இருக்கலாம், பன்றிக் கொழுப்பாகவும் இருக்கலாம். எண் ஒன்றுதான்.

கேள்விக்குறி:

வெளிப்படுத்தச் சொல்வது என்றால் எனக்கும் மறுப்பில்லை. என் கேள்வி கட்டாயத்தைப் பற்றியதாக இருந்தது. ஆனால் ஒன்று. 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஹலால் சான்று பெற்ற பொருட்களையே விற்கக் கூடாது என்று தடை போட்டது. தனியார் அமைப்புகள் ஆளுக்கொரு சான்று கொடுத்துக் குழப்புகின்றன என்றார்கள். அதில் கொஞ்சமும் உண்மை இல்லையா?

வழக்குமன்றம்:

சான்று தருபவர்களைக் கண்காணிக்க ஆள் இல்லை என்பது உண்மை. அதற்கு மருந்து கண்காணிப்பு. லேபிளையே அழித்தால் ஏமாற்றுபவன் தப்பிக்கிறான், உண்மையாகச் செய்தவன் மாட்டிக்கொள்கிறான், வாங்குபவர் இருட்டில் நிற்கிறார். ஏற்றுமதிக்கு மட்டும் அந்தத் தடையில் விலக்கு இருந்தது. வெளிநாட்டு முஸ்லிமுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை, உள்நாட்டு முஸ்லிமுக்கு இல்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

பினாங்கு நானா:

எங்கள் பக்கம் எப்படி என்று சொல்கிறேன். மலேசியாவில் சான்றிதழ் வாங்குவது இன்றைக்கும் கட்டாயம் இல்லை. ஆனால் ஹலால் என்று வாயைத் திறந்தால் சட்டம் பிடித்துக்கொள்ளும். 2011 வணிக விவரிப்புச் சட்டமும் அதன் ஆணைகளும்தான் அடிப்படை. ஜாக்கிமும் (அரசின் இஸ்லாமிய வளர்ச்சித் துறை) மாநில இஸ்லாமிய மன்றங்களும் தவிர வேறு யாரும் உள்நாட்டில் சான்று தரக் கூடாது. பொய்யாக ஹலால் என்றால் நிறுவனத்துக்கு முதல் தடவையே 50 லட்சம் ரிங்கிட் வரை அபராதம்.

கேட்கத் தெம்பாக இருக்கிறது, இல்லையா? அப்படி இருந்தும் 2020 டிசம்பரில் வெளிவந்ததைப் பார்த்தோம். வெளிநாட்டு இறைச்சியைக் கொண்டுவந்து, கிடங்கில் வைத்துப் பெட்டி மாற்றி, போலி ஹலால் முத்திரை ஒட்டி விற்றிருக்கிறார்கள். அன்றைக்கு நான் நாசி கண்டார் (சோறும் குழம்பும் விற்கும்) கடையில் நின்றுகொண்டிருந்தேன். தட்டில் மாட்டிறைச்சி. பக்கத்து மேசையில் கைப்பேசியில் செய்தி வாசித்த ஒருவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு இன்னொருவர். கடைக்காரர் பாவம், அவர் முறையாக வாங்கியவராகத்தான் இருப்பார், முகம் வெளுத்துப்போய் நின்றார். முத்திரை ஒரு முறை பொய்யானால் அடி வாங்குவது பொய் சொன்னவன் மட்டும் இல்லை என்பதை அன்று நேரில் பார்த்தேன்.

சோதனை பற்றி ஒருவர் சொன்னார். 2014இல் எங்கள் சுகாதார அமைச்சு இரண்டு சாக்லேட்களில் பன்றி மரபணுச் சுவடு என்றது. சில நாளில் ஜாக்கிம், ஆலையிலிருந்து எடுத்த மாதிரிகளில் ஒன்றும் இல்லை என்றது. இரண்டும் அரசுதான். மக்கள் யாரை நம்புவது? யார் மாதிரி எடுப்பது, யார் அறிவிப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காததன் விளைவு அது.

சுரபயா அடுப்பு:

நானும் என் வீட்டுக்காரரும் வீட்டிலேயே கேக், பிஸ்கட் செய்து விற்கிறோம். சிறு தொழில்காரர்கள் பக்கமும் யாராவது பேச வேண்டும் என்று எழுதுகிறேன்.

எங்களைப் போன்ற குறுந்தொழில், சிறுதொழிலுக்குக் காலக்கெடு முதலில் 2024 அக்டோபர் 17 என்று இருந்தது. பிறகு 2026 அக்டோபர் 17 வரை நீட்டினார்கள். எங்களுக்குச் சுய அறிவிப்பு என்று ஒரு வழி இருக்கிறது. ஆபத்தில்லாத மூலப்பொருள், எளிய செய்முறை என்றால் ஆய்வகத் தணிக்கை வேண்டாம், நாமே எழுதிக் கொடுக்கலாம். ஒரு துணையாளர் வீட்டுக்கு வந்து பார்த்துப் போவார். மார்க்கத் தீர்ப்பு சொல்லும் ஃபத்வாக் குழு முடிவு செய்யும்.

எங்கள் வீட்டுக்கு வந்த பெண் ஒரு மணி நேரம் இருந்தார். மாவு, வெண்ணெய், முட்டை எல்லாம் பார்த்தார். கேக்குக்கு மேலே பூசும் முட்டையைத் தடவ ஒரு தூரிகை வைத்திருந்தேன், பல வருடமாக. அதைக் கையில் எடுத்து, "இது என்ன ரோமம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பன்றி ரோமமாக இருக்கலாம் என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. இத்தனை வருடம் பொருளைப் பார்த்தேனே தவிர தூரிகையைப் பார்க்கவில்லை. அன்றே சிலிகான் தூரிகை வாங்கினோம்.

அதனால் இந்த முறை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். எல்லோருக்கும் இப்படி ஒருவர் வருகிறாரா என்பதுதான் கவலை. 2023இல் சுய அறிவிப்பில் சாறு என்று சான்று வாங்கிய நபீஸ் என்ற பெயர் ஒயின் பாட்டிலில் வந்து பெரிய சர்ச்சை ஆனது, சான்றை ரத்து செய்தார்கள். அப்படி ஒன்று நடந்தால் எங்களைப் போன்றவர்களின் முத்திரையையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார். எங்களுக்கு அந்த முத்திரையை விட்டால் வேறு பேர் கிடையாது.

ஜகார்த்தா உம்மா:

சுரபயா சகோதரி, அந்தத் தூரிகையைப் பற்றி எழுதியதற்கு நன்றி. உங்கள் பிஸ்கட்டை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்த ஏழு பொருளுக்கும் சான்று கொடுத்தபோது எல்லாம் சரியாகத்தானே இருந்திருக்கும்? பிறகு எப்படி மாறியது? சான்றிதழுக்கு முன்பு நான்கு வருடக் காலக்கெடு இருந்தது, இப்போது இல்லை என்கிறார்களே?

வழக்குமன்றம்:

ஆமாம். மூலப்பொருளும் செய்முறையும் மாறாதவரை சான்று செல்லும் என்று இப்போது மாற்றிவிட்டார்கள். மாறினால் நிறுவனமே சொல்ல வேண்டும். தொழிலுக்கு வசதி. ஆனால் மாற்றியதைச் சொல்லாமல் விடுபவரை எப்படிக் கண்டுபிடிப்பது? புதுப்பிக்க வரும்போதாவது ஒருவர் எட்டிப் பார்த்தார். இப்போது அந்தக் கதவும் இல்லை. காலக்கெடுவை எடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. எடுத்தால், சொல்லாமல் கொள்ளாமல் சந்தையில் மாதிரி எடுக்கும் வேலையை இரண்டு மடங்கு ஆக்கியிருக்க வேண்டும்.

இந்த நாட்டில் இதெல்லாம் பயத்தில் பிறந்த விஷயம். 1988இல் மலாங் நகரத்துப் பிராவிஜயா பல்கலைக்கழகத்திலிருந்து, பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம் என்று ஒரு பொருள் பட்டியல் வந்தது. மக்கள் பிஸ்கட், நூடுல்ஸ் எல்லாவற்றையும் விட்டு ஓடினார்கள், விற்பனை விழுந்தது. 1989 ஜனவரி 6இல் எம்.யு.ஐ. தன் சோதனை அமைப்பைத் தொடங்கியது. 2014 சட்டம் வந்தது, 2017இல் பி.பி.ஜே.பி.எச். வந்தது. இப்போது தணிக்கை ஒருவர், ஃபத்வா ஒருவர், சான்றிதழ் ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கிறது. தவறு நடந்தால் ஒருவர் அடுத்தவரைக் கைகாட்ட வழி இருக்கிறது. உங்கள் முதல் கேள்விக்கு அதுவும் ஒரு பதில்.

பழைய பள்ளி ஹஜ்ரத்:

பிள்ளைகள் நன்றாகப் பேசுகிறீர்கள். ஒன்றிரண்டு சொல்லிக்கொள்கிறேன்.

நபிகளார் (ஸல்) கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்கள் ஈரமாயின. என்ன இது என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றார்கள். அந்தத் தானியம் ஹலால்தான். நனைந்ததை விற்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. அடியில் மறைத்ததுதான் குற்றம். வக்கீல் தம்பி சொன்ன வெளிப்படுத்தல் இதுதானே?

இன்னொன்று. பன்றித் தோல் ஜெலட்டினாக மாறிய பிறகு அதன் தன்மை முழுவதும் மாறிவிட்டதா இல்லையா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபில்) அதை ஏற்பதில்லை. ஏற்பவர்கள் இருக்கிறார்கள். அறுப்பதற்கு முன் மயக்கமூட்டுவதிலும் அப்படியே. ஒரு சான்று அமைப்பு அனுமதிக்கும், மற்றொன்று மறுக்கும். அப்படியிருக்க, வெறும் "ஹலால்" என்ற ஒரு சொல் போதாது. எதிலிருந்து வந்தது, எப்படி அறுத்தது என்று எழுதிவிட்டால் அவரவர் தம் மார்க்க அறிவுப்படி நடந்துகொள்வார்கள்.

சோலோ நகரத்தில் 1973 முதல் இருந்த வறுத்த கோழிக் கடை ஒன்று. பன்றிக் கொழுப்பில் வறுத்த மொறுமொறுப்புத் தூள் சேர்த்து விற்றிருக்கிறார்கள் என்பது 2025 மே மாதம்தான் ஊருக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு "ஹலால் அல்ல" என்று பலகை வைத்தார்கள். ஹிஜாப் போட்ட பெண்கள் வந்து உட்கார்ந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பலகையை முதல் நாளே வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

கேள்விக்குறி:

இந்தக் கடைசிப் பத்தி என் எண்ணத்தை மாற்றியது, ஹஜ்ரத். "கட்டாயம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லாமல் ஊட்டுவதும் ஒரு கட்டாயம்தான்.

வழக்குமன்றம்:

சகோதரி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். காலி உறையைத் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச் எண் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். கடை ரசீது இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் வங்கிக் கணக்கில் அந்தச் செலவு பதிவான இடம் போதும்.

நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசி வேண்டாம். நகல் பி.பி.ஜே.பி.எச்.சுக்கும் பி.பி.ஓ.எம்.முக்கும். பதில் வராவிட்டால் உங்கள் ஊரில் உள்ள நுகர்வோர் தகராறு தீர்வு அமைப்பில் (பி.பி.எஸ்.கே.) மனுப் போடலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் இருக்கும் இடத்திலேயே போடலாம், அது பெரிய வசதி. 21 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். முக்கியமாக, ஈட்டு வழக்கில் தவறு இல்லை என்று நிரூபிக்கும் பாரம் நிறுவனத்தின் தலையில் என்று 28ஆம் பிரிவு சொல்கிறது. ஜெலட்டின் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அவர்கள்தான் சாக்குக் கணக்கைக் கொண்டுவர வேண்டும்.

தனியாக நிற்க வேண்டியதும் இல்லை. ஒரே பாதிப்பு உள்ளவர்கள் சேர்ந்து வழக்குப் போடவும், பதிவு பெற்ற நுகர்வோர் அமைப்பு வழக்குப் போடவும் 46ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த 7 நாள் விதியைக் காட்டி மறுப்பார்கள். மறுக்கட்டும். அந்த மறுப்பு எழுத்தில் கையில் இருந்தால்தான், இந்த விதியை மாற்றுங்கள் என்று நாளை கேட்க முடியும்.

உணவுக்கூடம்:

கடிதத்தில் இதையும் கேளுங்கள்: அந்த பேட்ச்சில் பயன்படுத்திய ஜெலட்டினின் கொள்முதல் ஆவணம், அதை விற்றவரின் ஹலால் சான்று எண், எந்தத் தேதியில் மாற்றினார்கள். ஒழுங்கான ஆலையில் இந்த மூன்றும் அரை நாளில் எடுத்துவிடக் கூடியவை. எடுக்க முடியவில்லை என்றால் அதுவே ஒரு பதில்.

ஜகார்த்தா உம்மா:

எல்லோருக்கும் ஜஸாகல்லாஹு கைரன்.

நேற்று ராத்திரி கடிதத்தை எழுதி முடித்தோம். வாப்பா இந்தோனேசிய மொழியில் திருத்திக் கொடுத்தார். மூன்று கேள்விதான் கேட்டிருக்கிறேன், உணவுக்கூடம் சகோதரி சொன்ன அதே மூன்று. ஈட்டுத் தொகை என்ற இடத்தில் அந்தப் பொட்டலத்தின் விலையை மட்டும் போட்டேன். அதற்குக் கீழே, பிள்ளைக்கு அவள் வயதுக்குப் புரியும் மொழியில் ஒரு மன்னிப்புக் கடிதம் வேண்டும் என்று எழுதினேன். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதோ இல்லையோ, கேட்டுவிட்டேன். மகள் வகுப்பில் இன்னும் நான்கு உம்மாமார் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதில் ஒருவர் கிறிஸ்தவர். அவர் பிள்ளையும் தின்றிருக்கிறான், அவருக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் "எழுதினது பொய்யா இருந்தா எனக்கும்தானே பொய்" என்றார்.

உறையை ஒரு கண்ணாடிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். மகள் அது தன்னுடையது, திருப்பித் தர வேண்டும் என்கிறாள். வேலை முடிந்ததும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.